வாசற்படி தாண்டும் பாதங்கள்

தைப்பூசத் திருநாளில் பத்துமலை அடிவாரத்தில் நின்று அண்ணாந்து நோக்குவோரின் கண்களை முதலில் நிறைப்பது, 2006ஆம் ஆண்டில் திறப்புவிழாக் கண்ட 42.7 மீட்டர் உயர முருகப்பெருமானின் திருவுருவமே. அடுத்து அவர்களின் பார்வை சென்று நிற்கும் இடம் அத்திருவுருவத்தின் அருகே செங்குத்தாக எழும் 272 படிகள். 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வரும் இம்மலையில் 1920ஆம் ஆண்டில் மரப்படிகள் அமைந்தன. பின்னர் அவை சிமெண்டுப் படிகளாயின. பினாங்குத் தண்ணீர்மலையிலோ 500க்கும் மேற்பட்ட படிகள். சிங்கப்பூரில் மலையில்லை; ஆயினும் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேலாகத் தார்ச்சாலையில் காவடிகள் நடந்தே செல்கின்றன.

இவ்வளவு படிகளையும் இவ்வளவு தூரத்தையும் கடந்துவிடும் பக்தர்களுள் பலர், தங்கள் ஊர்க் கோயிலின் ஒற்றை வாசற்படியில் கால் இடறித் தடுமாறுவதுண்டு. வெள்ளிக்கிழமை மாலையில் எந்த ஆலயத்தின் நிலைவாசல் அருகிலும் சற்று நேரம் நின்றால் இக்காட்சியைக் காணலாம். அறுபதைக் கடந்த அம்மையார் ஒருவர் பேத்தியின் கையைப் பற்றியபடி வருகிறார். வலக்காலைத் தூக்கி உயரமான கல்வாசற்படிக்கு அப்பால் வைத்துவிடுகிறார். ‘தாண்டிவிட்டார்’ என்று பேத்தி சந்நிதிப் பக்கம் திரும்பிய அந்தக் கணத்தில், இடக்காலின் பெருவிரல் படியின் விளிம்பில் தட்டுகிறது. பெரும்பாலும் ஒரு தடுமாற்றத்தோடு முடிந்துவிடும். சில வேளைகளில் இடுப்பெலும்பு முறிந்து, அந்த அம்மையார் மீண்டும் ஆலயத்திற்கு வராமலே போய்விடுவதும் உண்டு.

முதற்கால் தாண்டிய படியில் அடுத்த கால் ஏன் தட்டுகிறது? இதற்கு விடை காண வேண்டுமாயின், நடை என்னும் அன்றாடச் செயலில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்று மூட்டுகளும் புரியும் தொண்டினைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

நடையின் கணக்கு

சமதரையில் நடக்கையில் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பங்கு நேரம் தரையில் ஊன்றியிருக்கிறது. எஞ்சிய 40 பங்கு நேரம் அந்தரத்தில் வீசப்படுகிறது. அந்தரத்தில் செல்லும் கால், ஊன்றிய காலைவிடக் குட்டையாக வேண்டும். இல்லையேல் விரல்கள் தரையில் உரசும். ஆகவே இடுப்பு மூட்டு ஏறத்தாழ 30 பாகை முன்னே மடங்குகிறது. முழங்கால் 60 பாகை அளவுக்கு மடங்குகிறது. கணுக்கால் பாதத்தின் முன்புறத்தை மேல்நோக்கி உயர்த்துகிறது. இத்தனையும் நடந்தேறிய பின்னும் விரல் நுனிக்கும் தரைக்கும் நடுவே எஞ்சும் இடைவெளி ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர்தான் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். அந்த மிகக் குறுகிய இடைவெளியில் பாதம் செல்லும் தருணத்தில்தான் அதன் வேகமும் உச்சத்தை நெருங்குகிறது. பாயின் ஓரம், மின்கம்பி, சற்றே தூக்கலாகப் பதித்த தரைக்கல் போன்ற அற்பப் பொருள்களும் மனிதரைக் கவிழ்த்துவிடுவது இதனாலேயே.

இவ்வாறு முழங்கால் மடங்குவதற்குச் சமதரையில் தசைகள் பெரிதாக உழைப்பதில்லை. ஊஞ்சலைப் போல, தொடை முன்னே செல்லக் கெண்டைக்கால் தானாகவே பின்தங்கி மடங்கிவிடுகிறது. நடையில் நாம் களைப்படையாமல் இருப்பதன் இரகசியங்களுள் இதுவும் ஒன்று.

ஊன்றியிருக்கும் காலின் இடுப்பு மூட்டுக்கு வேறொரு பணி. ஒற்றைக் காலில் நிற்கும் அக்கணத்தில், உடலின் பாரம் அந்த மூட்டுக்கு உட்புறமாக விழுகிறது. காவடித் தண்டின் நடுவே தோளைக் கொடாமல் ஒரு முனைக்கு அருகே கொடுத்ததாக எண்ணிப் பார்க்கவும். நீண்ட பக்கத்தில் தொங்கும் சுமையைச் சமன்செய்யக் குறுகிய பக்கத்தை எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்! அவ்வண்ணமே இடுப்பின் வெளிப்புறத் தசைகள் வலிந்து இழுக்கின்றன. அந்த இழுப்பும் உடற்பாரமும் சேர்ந்து, இடுப்பு மூட்டின் மீது உடல் எடையைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேலான அழுத்தம் ஏற்படுகிறது. இடுப்பு வலியுடையோர் ஊன்றுகோலை வலியுள்ள பக்கத்திற்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும் என மருத்துவர் கூறுவது இக்காரணம் பற்றியே. நம்மில் பெரும்பாலோர் வலிக்கும் பக்கத்திலேயே கோலைப் பிடிப்பதைக் காண்கிறோம்.

வேண்டுதலாக அடிப்பிரதட்சணம் செய்யும் தாய்மார்கள் இத்தசைகளின் உழைப்பை நன்கு அறிவர். ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரலோடு சேர்த்து வைத்துச் செல்கையில் நிற்கும் அகலம் ஒரு பாத அகலமாகச் சுருங்கிவிடுகிறது. உடல் பக்கவாட்டில் சாயாதபடி காப்பவை இடுப்பின் வெளிப்புறத் தசைகளும் கணுக்காலுமே. மருத்துவமனைகளில் சமநிலையைச் சோதிக்க மருத்துவர்கள் நடக்கச் சொல்வதும் ஏறக்குறைய இதே நடைதான்.

கண்ணுள்ள காலும் கண்ணில்லாக் காலும்

இனி வாசற்படிக்கு வருவோம். வாசற்படியை மிதியாமல் தாண்டுவது நம் மரபு. தாண்டுதல் என்றதும் நடையின் எளிய கணக்கெல்லாம் மாறிவிடுகின்றன. ஊஞ்சல்போல் தானே மடங்கிய முழங்கால் இப்போது பின்தொடைத் தசைகளின் வலிமையால் மடக்கப்பட வேண்டும். இடுப்பு மேலும் உயர வேண்டும். உடலின் முழுப் பாரத்தையும் ஒற்றைக் கால் வழக்கத்தைவிட நீண்ட நேரம் தாங்க வேண்டும்.

முந்திச் செல்லும் காலுக்குக் கண் துணையிருக்கிறது. தடையை நெருங்கும்போதே, இரண்டோர் அடிகளுக்கு முன்னதாகவே கண் அதன் உயரத்தை அளந்துவிடுகிறது. தாண்டும் வேளையில் நாம் படியைப் பார்ப்பதில்லை; பார்வை அதற்குள் முன்னே சென்றுவிடும். ஆயினும் தூக்கிய முழங்காலும் பாதமும் பார்வையின் கீழ்விளிம்பில் தென்படுகின்றன. பிந்தி வரும் காலுக்கு இந்த வசதி ஏதுமில்லை. அது உடலுக்குப் பின்னால் இருக்கிறது. படியின் உயரம் பற்றிய நினைவையும், மூட்டுகளும் தசைகளும் மூளைக்கு அனுப்பும் உணர்வையும் மட்டுமே நம்பி, இருளில் வருவதுபோல் அது வருகிறது.

அதற்கு இன்னுமோர் இடர்ப்பாடு உண்டு. முந்தும் காலில் இடுப்பு முதலில் மடங்கிப் பாதத்தை உயர்த்துகிறது. பிந்தும் காலோ பின்னோக்கி நீண்ட நிலையில் படிக்கு மிக அருகில் இருப்பதால், இடுப்பை மடக்கினால் பாதம் நேரே படியில் மோதும். ஆகவே முதலில் முழங்கால் நன்கு மடங்கிக் குதிகால் பின்னே எழ வேண்டும்; அதன் பின்னரே தொடை முன்னே வர வேண்டும். முழங்கால் மூட்டுத் தேய்ந்து விறைத்தவர்களுக்குக் கடினமானது இதுவே. மடங்காத காலைத் தாண்டச் செய்ய அவர்கள் இடுப்பை ஒருபுறம் தூக்குவர். அல்லது காலை வெளிப்புறமாக வட்டமிட்டு வீசுவர். இவ்விரண்டும் உடலை மறுபக்கம் சாய்க்கும்.

வயது முதிர்ந்தோர் தடையைத் தாண்டும்போது மெதுவாகவும் குறுகிய அடியாகவும் தாண்டுகின்றனர். எச்சரிக்கையினால் அவ்வாறு செய்கின்றனர் என்பது உண்மையே. ஆனால் அதன் விளைவாக, முந்திய காலின் குதிகால் படிக்கு மிக அருகிலேயே இறங்குகிறது. சில நேரங்களில் படியின் மீதே இறங்கிவிடுவதும் உண்டு. தைரியமாகச் சற்று நீள அடி வைப்பது நலம் என்றாலும், முழங்காலுக்கு வலிமையில்லாதவரிடம் இதனைச் சொல்லிப் பயனில்லை. அவருக்குத் தேவை பற்றிக்கொள்ள ஓர் உறுதியான பிடிமானம்.

மூக்குக் கண்ணாடியையும் இங்கே குறிப்பிட வேண்டும். தூரப்பார்வைக்கும் வாசிப்புக்கும் ஒரே கண்ணாடியை அணிவோர் கீழே நோக்கும்போது, வாசிப்புக்கான அடிப்பகுதி வழியாகவே படியைக் காண்கின்றனர். ஓர் அடி தொலைவிலுள்ள எழுத்துக்கு ஏற்ற அந்தக் கண்ணாடியில், ஐந்தடி கீழேயுள்ள படியின் விளிம்பு மங்கித் தெரியும். இத்தகைய கண்ணாடி முதியோர் விழும் வாய்ப்பினை மிகுவிக்கிறது என 2002ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். திருவிழாவிற்குச் செல்கையில் தூரப்பார்வைக் கண்ணாடியை மட்டும் அணிவது நன்று. அல்லது படியருகே தலையை நன்கு குனிந்து, கண்ணாடியின் மேற்பகுதி வழியாக நோக்க வேண்டும்.

வாசற்படியைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு உட்செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. கால் தவறாமலிருக்கவே முன்னோர் இதனை ஏற்படுத்தினர் என்று சொல்லிவிட இயலாது. அது வணக்கம், அவ்வளவே. எனினும் அவ்வாறு வணங்குபவர் ஒரு கணம் நிற்கிறார். படியின் உயரத்தைக் கண்ணாலும் கையாலும் அறிகிறார். அதன் பின்னரே காலைத் தூக்குகிறார். கைப்பேசியில் பேசிக்கொண்டே உள்ளே நுழைபவருக்கு இம்மூன்றும் வாய்ப்பதில்லை. ஒன்று மட்டும்: குனிந்து நிமிர்ந்தவுடன் தலைசுற்றல் காணும் முதியோர், நிலையைப் பற்றியபடி நின்று நிதானித்த பின்பே தாண்ட வேண்டும்.

ஏறுவதா, இறங்குவதா?

மலையேறும் வேளையில் மூச்சு வாங்குவதால், ஏறுவதே கடினம் என்று நாம் எண்ணுகிறோம். நெஞ்சுக்கு அது உண்மை. முழங்காலுக்கோ இறங்குவதே கடினம். அளவுமானி பொருத்திய செயற்கை முழங்கால் மூட்டுகளைக் கொண்டு ஜெர்மனியில் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் 2010ஆம் ஆண்டில் வெளியாயின. அவற்றின்படி, சமதரை நடையில் முழங்கால் தாங்கும் உச்ச அழுத்தம் உடல் எடையைப் போல் ஏறத்தாழ 2.6 மடங்கு, படியேறும்போது 3.2 மடங்கு, படியிறங்கும்போது 3.5 மடங்கு. 60 கிலோகிராம் எடையுள்ள பக்தர் ஒருவர் பத்துமலையிலிருந்து இறங்கும்போது, அவருடைய ஒவ்வொரு முழங்காலும் 200 கிலோகிராமுக்கு மேற்பட்ட அழுத்தத்தை 136 முறை தாங்குகிறது எனக் கணக்கிடலாம்.

ஏறும்போது தொடையின் முன்புறத் தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கி உடலைக் கீழே விடுகிறது. கிணற்று வாளியை மேலே இழுப்பதற்கும், கயிறு கை நழுவாமல் மெதுவாகக் கீழே விடுவதற்கும் உள்ள வேறுபாடு இது. நீண்டுகொண்டே உழைக்கும் தசைதான் மறுநாள் மிகுந்த வலியைத் தரும். தைப்பூசம் முடிந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையைப் பிடித்துக்கொண்டு நடப்போர், தாங்கள் ஏறியதை நொந்துகொள்வதுண்டு. குற்றம் பெரிதும் இறங்கியதனுடையது.

படி ஒடுக்கமாக இருந்தால் இறங்குவோரின் பாதம் முழுமையாகப் பதியாது. விரல்கள் வெளியே நீள, ஊன்றிய காலின் கணுக்கால் வழக்கத்தைவிட மிகுதியாக மடங்க வேண்டும். கணுக்கால் விறைப்பாக உள்ளவர்கள் பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, கைப்பிடியைப் பற்றியவாறு ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து இறங்கலாம். இதில் வெட்கத்திற்கு இடமேயில்லை. ஒரு காலில் மட்டும் வலியுள்ளவர்கள் ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் இறக்க வேண்டும். எந்த நிலையிலும் உடலைத் தூக்குவதும் தாங்கி இறக்குவதும் நல்ல காலின் பொறுப்பாகிவிடும்.

பால்குடமும் காவடியும்

பால்குடம் ஏந்துவோரின் நிலையே வேறு. தலையில் குடம், அதனைத் தாங்கும் கைகள், குனியலாகாத கழுத்து. படியை நோக்கக் கண்ணுக்கு வாய்ப்பில்லை. கைப்பிடியைப் பற்றக் கையுமில்லை. அவர்களின் இரு கால்களுமே கண்ணில்லாக் கால்களாகிவிடுகின்றன. முதல் சில படிகளில் கிட்டும் அளவினைக் கொண்டே உடல் அடுத்த படிகளை நம்பி ஏறுகிறது. ஆகவேதான் படிகளின் உயரம் ஒரே சீராக இருத்தல் வேண்டும். நடுவே ஒரு படி ஒரு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தாலும் கால் ஏமாந்துவிடும். வெறும் பாதம் இவர்களுக்கு ஒரு நன்மையே. கல்லின் விளிம்பையும் ஈரத்தையும் உள்ளங்கால் உடனே உணர்கிறது. ஆனால் நீரிழிவினால் பாத உணர்வு மங்கியவர்களுக்கு அத்துணையும் இல்லை. நம் சமூகத்தில் நீரிழிவு மிகுந்துள்ள இந்நாளில், பாதம் மரத்துப்போனோர் பால்குடம் எடுக்க விரும்பினால், முன்னதாக மருத்துவரைக் கண்டுகொள்வதும், படியேறும்போது இருபுறமும் துணைக்கு ஆள் வைத்துக்கொள்வதும் இன்றியமையாதவை.

காவடியின் சுமை தோளில் இருப்பதால் உடலின் பாரமையம் உயர்கிறது. உயரமான அலகுக் காவடி ஒருபுறம் சற்றே சாய்ந்தாலும் அதனை மீட்க இடுப்பும் கணுக்காலும் பெரிதும் போராட வேண்டும். மேலும், தோளில் கூடும் ஒவ்வொரு கிலோகிராமும் படியில் முழங்காலுக்கு ஏறத்தாழ மூன்று கிலோகிராமாகிறது. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படும் வெள்ளி இரதத்தைப் பின்தொடர்ந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடந்து வருவோர், தசைகள் ஓய்ந்த நிலையில்தான் 272 படிகளின் அடியில் வந்து நிற்கின்றனர். ஓய்ந்த தசை பாதத்தை உயரத் தூக்காது. அடிவாரத்தில் அரைமணி நேரம் அமர்ந்து நீர் அருந்திவிட்டு ஏறுவது பக்திக்குக் குறைவாகிவிடாது.

விரதத்தோடு ஒரு பயிற்சி

விரதம் தொடங்கும் நாளிலேயே கால்களுக்கும் பயிற்சியைத் தொடங்குவோர் மிகச் சிலரே. ஆண்டு முழுவதும் மின்தூக்கியையே பயன்படுத்திவிட்டு, ஒரே நாளில் நூற்றுக்கணக்கான படிகளை ஏறுவது மூட்டுகளுக்கு இழைக்கும் கொடுமை எனலாம். பயிற்சியும் பெரிதன்று. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வது. அடுக்குமாடி வீட்டில் முதல் வாரம் ஒரு மாடி, அடுத்த வாரம் இரண்டு மாடி எனக் கைப்பிடியைப் பற்றி ஏறி இறங்குவது. சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் சில நொடிகள் நிற்பது. இவை போதும்.

மூட்டு தேய்ந்தவர்கள் நடக்கவே கூடாது என்னும் எண்ணம் நம் வீடுகளில் இன்னும் வேரூன்றியிருக்கிறது. மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையா. அழுத்தமும் தளர்வும் மாறிமாறி வரும்போது மூட்டுநீர் அதனுள் புகுந்தும் வெளியேறியும் ஊட்டம் அளிக்கிறது. அசையாத மூட்டுக்கு அந்த ஊட்டம் குறைகிறது; தொடைத் தசையும் மெலிகிறது; மெலிந்த தசையால் மூட்டின் வலி மிகுகிறது. ‘கால் ஒத்துழைக்கவில்லை, வீட்டிலிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்’ என்று ஆலயத்திற்கு வருவதை நிறுத்திவிடும் பெரியவர், ஆறு மாதத்தில் வீட்டின் குளியலறைப் படியையும் தாண்ட இயலாதவராகிவிடுவது இவ்வாறுதான். வலிக்கு ஏற்ப அளவோடு நடப்பதையும் தொடைக்கு வலிமை சேர்ப்பதையுமே மருத்துவர்கள் இன்று வலியுறுத்துகின்றனர். வீக்கமும் சூடும் கண்ட மூட்டு, திடீரெனப் பூட்டிக்கொள்ளும் மூட்டு ஆகியவை மட்டும் உடனே மருத்துவரிடம் காட்டத்தக்கவை.

ஆலய நிர்வாகத்தினரின் கவனத்திற்கு

இராஜகோபுரத் திருப்பணிக்கு வாரி வழங்கும் புரவலர்கள், நிலைவாசலின் இருமருங்கிலும் இரண்டு கைப்பிடிகள் பொருத்துவதற்கு மறுக்கப் போவதில்லை, கேட்பார்தான் இல்லை. வாசற்படியின் விளிம்பிலும் மண்டபப் படிகளின் விளிம்பிலும் தரையினின்று வேறுபட்டுத் தோன்றும் வண்ணக்கோடு ஒன்று தீட்டப்பட்டால் மங்கிய கண்ணுக்கும் அது புலப்படும். படியின் மீது இடும் கோலம் அழகுதான். ஆனால் அது விளிம்பை மறைத்துவிடக் கூடும். கோலத்தைத் தளத்தில் இட்டுப் படியை விட்டுவிடுவது நல்லது. தேங்காய் உடைக்கும் இடத்தின் நீரும், பால்குடங்களிலிருந்து சிந்தும் பாலும் படிகளில் பரவாதபடி அவ்வப்போது கழுவித் துடைக்கத் தொண்டூழியர்களை நியமிக்கலாம்.

தொண்டூழியர்களுக்கும், பெரியோரை அழைத்துவரும் பிள்ளைகளுக்கும் துணை நிற்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். படியேறுகையில் துணைவர் ஒரு படி கீழே பின்புறமாகவும், இறங்குகையில் ஒரு படி கீழே முன்புறமாகவும் இருக்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்கலாகாது. இழுத்தால் பெரியவரின் பாரமையம் அவருடைய பாதத்தை விட்டு விலகிவிடும். துணைவர் தம் முன்கையை நீட்டிக் கொடுத்தால், பெரியவர் தமக்கு வேண்டிய அளவு அதனைப் பற்றிக்கொள்வார். வாசற்படியில் முதற்கால் அப்பால் சென்றதும் சந்நிதிப் பக்கம் திரும்பிவிடாமல், அடுத்த காலின் குதி எழுந்து, விரல்கள் படியைத் தாண்டித் தரையில் ஊன்றும் வரை அங்கேயே பார்த்திருக்க வேண்டும்.